நான்காவது அடைப்புக்குறி

1

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு நவம்பர் பதினான்காம் நாள், வியாழக்கிழமை பிற்பகலில், லூவிய மொழி அகராதியில் ஒரு சொல்லுக்கான பதிவைப் படித்தபோது இக்கதை தோன்றியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய துருக்கிப் பகுதியில், களிமண் பலகைகளில் எழுதப்பட்ட மொழி அது. அந்தச் சொல்லுக்குத் தீட்டு என்று பொருள். அதுவும் உத்தேசப் பொருளே. வேர் இன்னதென்று அறுதியிட எனக்கு இயலவில்லை. சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. பின்வரும் பலகையும் மனிதர்களும் என் புனைவு.

2

அவள் அஞ்சினாள், ஏனெனில்

[இவ்வாக்கியத்தைக் கைவிடுகிறேன். காரணம் சொன்னால் அச்சம் பாதி தெளிந்துவிடும்.]

அவள் அம்மொழி அகராதி ஒன்றின் பதிப்பாசிரியை. அச்சொல்லுக்கு ‘அழுக்கு’ என்று பொருள் எழுதி அடித்தாள். அழுக்கு கண்ணுக்குத் தெரியும். ‘குற்றம்’ என்று எழுதி அடித்தாள். குற்றத்துக்குச் செய்தவர் வேண்டும். இதுவோ செய்யாதவரிடமும் ஒட்டும்.

அச்சொல் வரும் பலகை, தீட்டை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் களையும் மந்திரம். சிதைந்த இடங்களைப் பிற பலகைகளோடு ஒப்பிட்டு நிரப்பி, நிரப்பியதைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுவது அவள் தொழில்:

[தந்தையின்] தீட்டு, [தாயின்] தீட்டு, [தமையனின்] தீட்டு, [          ] தீட்டு.

முதல் மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் நிரப்பினாள். நிரப்பிய அந்தந்த ஆண்டிலேயே அவளுடைய தந்தையும் தாயும் தமையனும் இறந்தார்கள். முதியவர்கள், நோயாளிகள், வியப்பதற்கு ஒன்றுமில்லை. எனினும் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நான்காவது, பிற பலகைகளின்படி, ‘உடன்பிறந்தாளின்’.

3

அதே மேசையின் மறுபக்கம் அவள் தங்கை தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில், கட்டியிலிருந்து சோதனைக்குச் சதை எடுத்த இடத்தில், பிளாஸ்திரி. முடிவை மாலைக்குள் தொலைபேசியில் சொல்வதாக மருத்துவமனையில் கூறியிருந்தார்கள்.

“என்னக்கா, காலையிலேர்ந்து ஒரே வரியை முறைச்சிட்டிருக்க? அது உன்னை என்ன பண்ணிச்சு?”

“ஒண்ணுமில்லை. நீ உன் வேலையைப் பாரு.”

“என் வேலையா? தெச்சதையே பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சா, துணியே என்னைத் திட்டுது.”

தங்கை எழுந்து வந்து அக்காவின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“அப்பா, அம்மா, அண்ணன். அடுத்தது நானா?”

“அபத்தமா பேசாதே. இது ஒப்பீட்டு முறை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.”

“நம்பிக்கை இல்லாதவ பேனாவை ஏன் மூடி வெச்சிருக்க?”

4

முதலில் எழுதிய முடிவில், பதிப்பாசிரியை இடத்தை வெறுமையாக விடுகிறாள். நல்ல செய்தி வருகிறது. வெற்றிடம் உயிர் காத்ததாக அவள் நம்பிவிடுவாள். கிழித்தேன். இரண்டாவதில் நிரப்புகிறாள், கெட்ட செய்தி. அதையும் கிழித்தேன். எனக்குத் தோன்றாதது தங்கைக்குத் தோன்றியது.

“இந்த மந்திரம் எதுக்கு?”

“தீட்டைக் களையறதுக்கு. பேர் சொன்னாத்தான் இறங்கும்.”

“அப்போ வீட்டுல எல்லாரையும் கழுவிட்டு, என்னை மட்டும் அப்படியே நிக்க வெக்கப்போறியா? சின்ன வயசிலேர்ந்து உனக்கு இதே வழக்கமாப் போச்சு.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் தொலைபேசியின் பக்கம் போய் வந்ததைப் பதிப்பாசிரியை பார்த்துவிட்டாள். எழுதினாலும் அச்சம், விட்டாலும் அச்சம். இனி அந்த அச்சம் இருவருக்கும் பொது.

“எழுதுக்கா. ஃபோன் வர்றதுக்குள்ள எழுதிடு.”

5

முடிவாகத் தீர்மானிக்கப்பட்டவை இவை. நான்காவது அடைப்புக்குறிக்குள் ‘உடன்பிறந்தாளின்’ என்று எழுதப்பட்டது. ஐயத்தைக் காட்டும் கேள்விக்குறி இடப்படவில்லை. தொலைபேசியை நான் ஒலிக்க விடவில்லை. மருத்துவமனையின் விடையை எழுதும் பொறுப்பு வாசகருடையது. எழுதுமுன், தம் வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.