காட்டன் துணிக்கு இடமில்லை

பொன்னுராஜ் மூன்று பேருக்கு ஒரே மாதிரி அரைக்கை சட்டையும் டவுசரும் தைத்து வைத்திருந்தான். தனக்கு, ஏழு வயது மகள் ஜெர்லினுக்கு, நாலு வயது ஆல்வினுக்கு. நீலத் துணி, சுத்தமான காட்டன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகத் தறி ஓட்டுகிறவன். உடம்பில் படுவதென்றால் அவனுக்குக் காட்டன்தான், மற்றதெல்லாம் சாக்குத் துணி.

மனைவி ஜெபா பிள்ளைகளோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள தாய் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. சண்டை எதற்கு என்று கேட்டால் இருவருக்குமே ஒழுங்காகச் சொல்ல வராது. ஆனால் வாயை விட்டவன் இவன்தான், அதில் சந்தேகமில்லை. பெரியவர்கள் பேசி, மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று முடிவானது. ஜெபாவின் தம்பி எட்வின் கூடவே வருவான். மகள் ‘அப்பா’ என்று ஓடி வந்துவிடுவாள். சின்னவன்தான் வரமாட்டான். தூக்கப் போனால் எட்வின் காலுக்குப் பின்னால் ஒளிகிறான். அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று கேள்விப்பட்ட பொன்னுராஜ், அதையே பிடித்துக்கொண்டான். செயற்கை அலை விடுகிற வாட்டர் பார்க்குக்குக் கூட்டிப் போவது, தைத்த துணியும் அதற்குத்தான். அலை வந்தால் பயந்துபோய் அப்பன் கழுத்தைக் கட்டத்தானே வேண்டும்? கோட்டிக்காரக் கணக்குதான். ஒரு மாதமாக அதை நினைத்தே பொழுதை ஓட்டினான்.

மதுரை ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த அந்த வாட்டர் பார்க் முழுக்கக் கூரைக்கு அடியில். வாசலில் காவலாளி துணியைத் தொட்டுப் பார்த்தார்.

“காட்டனா அண்ணாச்சி? உள்ள எறங்க முடியாதே. நைலான்தான் போடணும்.”

“ஏன்?”

“பஞ்சு பிரிஞ்சு போயி பில்டர அடைச்சிக்கிடும்.”

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. தினமும் தறிக்கு அடியில் பஞ்சுத் தூசியை வாரிக் கொட்டுகிறவனுக்கு அந்த நியாயம் மற்ற யாரையும்விட நன்றாகப் புரிந்தது. அதனால் சண்டை போடக்கூட வழியில்லை. வாடகை உடையில் பிள்ளைகள் அளவு கிடைத்தது. பெரியவர்கள் அளவெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. எட்வின் மட்டும் முன்னமே போனில் கேட்டு நைலான் டவுசரோடு வந்திருந்தான்.

“அத்தான், வேணும்னா இத நீங்க போட்டுக்கிடுங்க” என்று நல்ல மனசோடு நீட்டினான். ஒல்லிப் பையன். அது பொன்னுராஜின் தொடையைத் தாண்டாது.

“நீ போலே. சின்னவன விட்டுராத.”

குளத்தைச் சுற்றி அடைத்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள். பைகளுக்குக் காவல் இருக்கும் பெண்கள் நடுவில் ஆம்பிளை இவன் ஒருவன். உள்ளே வாய்கள் திறந்து திறந்து மூடின, சத்தம் மட்டும் வரவில்லை. ஜெர்லின் சறுக்கி விழுந்து எழுந்து கையாட்டினாள். இவனும் ஆட்டினான். பிறகு அவளும் மறந்துபோனாள். பிள்ளைதானே.

அலை விடுவதற்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பொன்னுராஜ் எழுந்து நின்றான். முதல் அலை இடுப்புக்கு வந்ததும் ஆல்வின் அலறிக்கொண்டு தாவி, இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டான். போட்ட கணக்கு இம்மி பிசகவில்லை. கழுத்துதான் எட்வினுடையது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், இவனுக்குக் கைக்கே எட்டவில்லை.

“ஒங்க பிள்ளையளா?” என்றாள் பக்கத்துப் பெண். தலையை ஆட்டினான்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆட்டம் போட்ட அசதியில் ஆல்வின் எட்வின் தோளிலேயே தூங்கிப்போனான். ஒரே ஒரு சீட்டுதான் கிடைத்தது.

“நீங்க உக்காந்து வாங்கிக்கிடுங்க அத்தான்” என்று தூங்குகிற பிள்ளையை மடியில் வைத்துவிட்டு எட்வின் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றான். ஜெர்லின் அப்பாவை ஒட்டி நின்றுகொண்டாள். பொன்னுராஜ் மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பிள்ளை அசைந்தான். கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி இவன் கழுத்தைச் சுற்றிப் போட்டான்.

“மாமா, வீட்டுக்குப் போவமா?”

“ஏலே, இது மாமா இல்ல…” என்று ஆரம்பித்த ஜெர்லினின் வாயைப் பொன்னுராஜ் சட்டென்று பொத்தினான்.

“போவம்யா” என்றான், எட்வின் குரல் மாதிரியே மெல்லிசாக. “மாமா இருக்கேன். நீ தூங்கு.”

பிள்ளை பிடியை இறுக்கிக்கொண்டு தூங்கினான். ஸ்ரீவில்லிபுத்தூர் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.