காக்கைப்பாதம்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் வைரம் மதிப்பிட்டுச் சொல்பவர் ஆத்மநாதன். அவர் ஒரு விலை சொன்னால், இன்னொரு கடை ஏறிக் கேட்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஆவணியில், பொன்னமராவதிக் கடலை வியாபாரி அடைக்கலம், மகள் செவந்திக்கு வாங்கிய வைர மூக்குத்தியோடு வந்தார். கூடவே மாப்பிள்ளையின் தகப்பனார் நல்லதம்பி. கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

ஆத்மநாதன் லென்ஸை வலது கண்ணில் வைத்துப் பார்த்தார். நல்ல நீரோட்டம். பட்டைகளில் பிசகில்லை. ஆனால் நடுவில் காக்கைக் கால் தடம் போல மெல்லிய கறுப்பு.

"காக்கைப்பாதம் இருக்குங்க. பாதி விலைகூடத் தேறாது."

நல்லதம்பிக்கு முகம் செத்துவிட்டது. அந்தக் குற்றமுள்ள கல் புருஷனுக்கு ஆகாது என்று ஊரெல்லாம் நம்பிய காலம்.

"வேற கல்லு வாங்கிப்புடுறேன் சம்பந்தி" என்று அடைக்கலம் கெஞ்சினார்.

"இது வந்து சேர்ந்த வீட்டுல பொண்ணெடுக்க மனசு ஒப்பலைங்க" என்று சொல்லி நல்லதம்பி படியிறங்கிப் போனார். கல்யாணம் நின்றது.

மாசியில் திருச்சிக்காரர் ஒருவர் ஐந்து கற்களை மதிப்புப் போடக் கொடுத்தார். முதல் கல்லில் காக்கைப்பாதம். இரண்டாவதிலும். மூன்றாவதிலும், அதே இடத்தில். ஆத்மநாதன் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கல்லைத் திருப்பினார். கல்லின் கறை என்றால் கல்லோடு திரும்பும். இது நின்ற இடத்திலேயே நின்றது. லென்ஸைத் துடைத்தார். போகவில்லை. இடது கண்ணுக்கு மாற்றினார். ஐந்தும் சுத்தமான கற்கள்.

ஆவணியில் அந்த மூக்குத்தியை அவர் இப்படித் திருப்பிப் பார்க்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம், ஒரு பார்வை போதும் என்ற மிதப்பு.

மறுநாளே பொன்னமராவதிக்குப் பஸ் ஏறினார். அடைக்கலத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அடைக்கலம் கத்தவில்லை.

"கல்லைக் கால் விலைக்குத் தள்ளிட்டேங்க. அந்தப் பையனுக்குத் தையில கல்யாணம் ஆயிருச்சு. செவந்தியை அப்புறம் ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாங்க. பதிலே இல்லை."

"தப்பு எங்கண்ணுலதான்னு நாலு பேரைக் கூட்டிச் சொல்லிடுறேங்க. கல்லு நல்ல கல்லு."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த செவந்தி கதவருகே வந்தாள். இப்போதுதான் ஆத்மநாதன் அவளைப் பார்க்கிறார். பத்தொன்பது வயது இருக்கும்.

"வேணாங்கய்யா. கல்லுல குத்தம்னுதான் இம்புட்டு நாளும் பேசுறாக. கல்லு நல்லதுன்னு இப்ப சொன்னீங்கன்னா, அப்புறம் ஏன் இவளுக்கு ஒண்ணும் அமையலைன்னு கேப்பாக. குத்தம் எம்மேல வந்துரும். அது கல்லுமேலயே இருந்துட்டுப் போகட்டும்."

அடைக்கலம் தலை நிமிரவில்லை. ஆத்மநாதன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கல்லையும் பார்க்கவில்லை. கண் சரியில்லை என்று சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள்; பேச்சு அந்த மூக்குத்தியில் போய் நிற்கும். யாராவது பொட்டலத்தைப் பிரித்தால், "முடியலைங்க, வேற ஆளைப் பாருங்க" என்பார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை.