மேஸ்திரி ஓட்டிக்காட்டிய லாரி

விருதுநகரில் மொக்கைச்சாமி மேஸ்திரியின் பட்டறைக்குள் டிரைவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. வண்டியை விட்டுவிட்டு ஓரமாய் நிற்க வேண்டும். யுத்த காலத்தில் பட்டாளத்து வண்டிகளைப் பழுது பார்த்தவராம். அந்தப் பெருமையைப் பதிமூன்று வருஷமாகப் பீடியோடு சேர்த்து ஊதிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், தீபாவளி சீசன். காசிராஜன் முதலாளியின் பட்டாசு லாரியும் பட்டாளம் கழித்துவிட்ட கிழம்தான். அதை ஓட்டியவன் சங்கிலிமுத்து. காடுகரையில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் முதல் லைசென்ஸ் அவனுடையது. அதை வாங்க ஆறு வருஷம் கிளீனராகக் கிடந்தான்.

"கிளட்சை மிதிச்சாலும் கியர் விழ மாட்டேங்குது மேஸ்திரி. கரகரன்னு கத்துது. அதுவும் லோடு ஏத்துன அன்னைக்குத்தான்…"

"ஏலே, மேல என்ன லோடு இருக்குன்னு கியர்பெட்டிக்குள்ள இருக்கிற பல்லுக்குத் தெரியுமாலே? அம்புட்டு அறிவு உனக்கு!"

சங்கிலிமுத்து ஓரமாய் நகர்ந்து நின்றான். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவரிடம் என்னத்தைச் சொல்ல?

மேஸ்திரி வண்டிக்குள் தலையை விட்டார். காலடியில் கிடந்த ஈரச்சாக்கை இரண்டு விரலால் தூக்கி வெளியே எறிந்தார். "மாட்டுத் தொழுவமாலே இது?" என்றார். அப்புறம் கியர்பெட்டியை இறக்கினார், துடைத்தார், எண்ணெய் மாற்றினார், திரும்ப ஏற்றினார். காலி வண்டி அழகாக ஓடியது. எல்லாம் தன் கைராசி என்றார். மறுநாள் லோடு ஏறியதும் கியர் மறுபடி கத்தியது. இந்தக் கூத்து இரண்டு தடவை நடந்தது.

மூன்றாம் தடவை மேஸ்திரி தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"பல்லு ஒண்ணு தேயல முதலாளி. கோளாறு பெட்டியில இல்ல, ஓட்டுறவன் காலுல. நானே லோடோட ஓட்டிக் காட்டுதேன், பாருங்க."

"ஓடிருச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுப் போயிரு" என்று முதலாளி சங்கிலிமுத்துவிடம் சொன்னார். சொல்லும்போது அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி வாசலில் லோடு ஏறி நின்றது. கட்டுப் போடும் பெண்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். காவல்காரர் பெத்தணன் மேஸ்திரியை மறித்தார். பட்டாசு ஏறிய வண்டியில் செருப்புக் கால் ஆகாது. காலடி மணல் தகரத்தில் உரசிப் பொறி பறந்துவிடுமாம், அதனால் ஈரச்சாக்கை நாலாய் மடித்து விரித்தே ஆக வேண்டும். அது அந்தக் கம்பெனிச் சட்டம்.

மேஸ்திரி முனகிக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தபடி ஏறினார். சங்கிலிமுத்து கதவோரம் நின்றான். கை சட்டைப்பையிலிருந்த லைசென்ஸைத் தடவிக்கொண்டிருந்தது.

என்ஜின் உறுமியது. மேஸ்திரி கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினார். வண்டி கரகரவென்று ஊரே கேட்கக் கத்தியது. இன்னொரு தரம் தள்ளினார். அதே கதைதான்.

மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. குனிந்து காலடியைப் பார்த்தார். அப்போது சங்கிலிமுத்துவும் பார்த்தான். மிதிகட்டைக்கு அடியில் நாலு மடிப்புச் சாக்கு முட்டிக்கொண்டு நின்றது. கிழட்டு கிளட்ச், கடைசி அங்குலம் வரை மிதித்தால்தான் விலகும். அந்த ஒரு அங்குலத்தைச் சாக்கு தின்றுகொண்டிருந்தது.

மேஸ்திரி கால் கட்டைவிரலால் சாக்கைச் சத்தமில்லாமல் ஓரத்துக்குத் தள்ளினார். கியர் வெண்ணெயாய் விழுந்தது.

"பாத்தீகளா முதலாளி? வண்டியில ஒண்ணுமில்ல. கால் படணும், கால்!"

சங்கிலிமுத்து முன்னால் வந்தான். ஒரு மனுஷன் இம்புட்டுக் கேவலமாக நடப்பானா? அவன் வாயைத் திறப்பதற்குள் பெத்தணன் பாய்ந்து வந்தார்.

"யோவ் மேஸ்திரி! சாக்கை எங்கன தள்ளுறீரு? சாக்கு இல்லாம வண்டி ஒரு அடி நகரக் கூடாது!"

குனிந்து, சாக்கை இழுத்து, மிதிகட்டைக்கு அடியில் நன்றாகத் திணித்தார்.

"இப்ப போடும் கியரை."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி போட்டார். வண்டி கத்தியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி சாக்கைப் பார்த்தார், மிதிகட்டையைப் பார்த்தார், கடைசியில் மேஸ்திரியைப் பார்த்தார்.

சங்கிலிமுத்து கதவைத் திறந்தான். சாக்கை உருவி, கிளட்ச் வரும் இடத்தை மட்டும் கத்தியால் வெட்டியெடுத்துவிட்டு விரித்தான். பெத்தணன் தலையாட்டினார்.

"செருப்பை மறந்துராம எடுத்துக்கிட்டு இறங்குங்க மேஸ்திரி" என்றான் சங்கிலிமுத்து. "லோடு போகணும்."