கரும்பய்யாவின் குதிகாலில் விழுந்த அடி

தேச்சம்மா தன் புருஷனை ஹாக்கி மட்டையால் அடித்துவிட்டாள் என்று நாபோக்லு ஊர் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவன் வேறு யாருமில்லை, அந்தப் புருஷன் கரும்பய்யாவேதான்.

சித்திரை வந்தால் குடகில் குலத்துக்குக் குலம் ஹாக்கி. காப்பித் தோட்டத்து மேட்டில் ஏறவே மூச்சு வாங்குகிற ஆளும் அரைக்கால் சட்டைக்குள் புகுந்துகொள்வான். கரும்பய்யாவும் புகுந்தான், தொப்பை மட்டும் வெளியே நின்றுவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்காகவும் ஆடலாம் என்பதால் தேச்சம்மா அன்று எதிரணி. பந்தைத் துரத்தியவன் காலை ஊன்றி எம்பினான். படாரென்று ஒரு சத்தம். விழுந்து திரும்பிப் பார்த்தால், பின்னால் மட்டையும் கையுமாகப் பெண்டாட்டி.

“அடிச்சுட்டா! குதிகால்லயே போட்டுட்டா!”

“நான் எங்க நின்னேன், நீங்க எங்க விழுந்தீங்க! என் மட்டை என்ன தென்னை மரமா?”

நடுவர் எதையும் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால்தான் ஆச்சரியம். அந்த நேரம் பந்தியில் பன்றிக்கறி பரிமாறிக்கொண்டிருந்த நாத்தனார் பொள்ளவ்வாவோ எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். “பொறந்த வீடு ஜெயிக்கணும்னா சில பேருக்குப் புருஷன் காலெல்லாம் ஒரு கணக்கா?”

மாமியார் நீலவ்வா தீர்ப்பே சொல்லிவிட்டாள்: “ஞாயித்துக்கிழமை குலவீட்டு விளக்கு முன்னால எல்லாரும் கூடுறாங்க. அவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேளு. இல்லேன்னா பொறந்த வீட்டுக்கே ஆடிக்கிட்டு அங்கேயே இரு.”

செய்யாத தப்புக்கு ஊர் பார்க்கக் காலில் விழுவதா என்று தேச்சம்மா கொதித்தாள். கரும்பய்யாவோ கட்டிலில் ராஜா மாதிரி சாய்ந்து, பன்றிக் கொழுப்பு தடவி நீவிவிட ஓர் ஆளையும் அமர்த்திக்கொண்டான். “பாதம் ஆடுது பாரு, வெறும் சுளுக்கு” என்பான் நீவுகிறவன். பார்க்க வந்தவர்களிடம் சொல்லச் சொல்ல அந்த அடி பலத்துக்கொண்டே போனது. காலில் ஒரு கீறல்கூட இல்லையே என்று தேச்சம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது பிராந்திதான். பரண் மேலிருந்த பாட்டிலை எடுக்க நுனிக்காலில் எம்பப் பார்த்தான். அந்தக் கால் எம்பவே மாட்டேன் என்றது. அப்போதுதான் துரைக்குப் பயம் வந்தது.

மடிக்கேரி டாக்டரம்மா அவனைப் பார்த்ததுமே, “உங்களையும் யாரோ பின்னாலேர்ந்து அடிச்சாங்களா? ஹாக்கி மாசத்துல வர்றவங்க எல்லாருக்கும் அதே கதைதான்” என்றார். குப்புறப் படுக்கவைத்து, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். நல்ல காலின் ஆடுசதையைப் பிடித்து அமுக்கினார்; பாதம் தலையாட்டியது. மற்ற காலை அமுக்கினார். பாதம் சும்மா தொங்கியது. குதிகாலுக்கு மேலே விரல் வைத்தால் பள்ளத்தில் இறங்கியது.

“காலையில எழுந்ததும் இங்க விறைக்குமா?”

“லேசா…”

“லேசாவா? புத்தரி அறுப்புப் பண்டிகை முடிஞ்சதுலேர்ந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாத்து மாதிரி நடக்குறாரு டாக்டர். ஓய்வெடுங்கன்னா என் பேச்சு எடுபடுமா?” என்றாள் தேச்சம்மா.

“ஊசி ஏதாவது போட்டீங்களா?”

கரும்பய்யா தரையைப் பார்த்தபடி முனகினான். “மேட்சுக்கு முந்தின வாரம்… வலிக்கிற இடத்துலயே… தெரிஞ்ச கம்பவுண்டர்தான்.”

தேச்சம்மாவுக்கே இது புதுச் செய்தி.

“வீங்கின குதிகால் நாண்ல அந்த ஊசி மருந்தைப் போட்டா வலி அடங்கும், நாணும் பலம் இழக்கும். வலியில்லைன்னு நம்பி ஓடியிருக்கீங்க, அறுந்துடுச்சு. அறுந்தா யாரோ உதைச்ச மாதிரிதான் தெரியும். உங்களை யாரும் அடிக்கல. அன்னிக்கே வந்திருந்தா பாதத்தைக் கீழ் நோக்கி வச்சுக் கட்டுப் போட்டே பார்த்திருக்கலாம். நீவி நீவி அறுந்த முனைகளைத் தூரப் பிரிச்சு வச்சிருக்கீங்க. திங்கட்கிழமை ஆபரேஷன். அப்புறம் குதிகாலை உயர்த்தின பூட்ஸ், மாசக்கணக்கா.”

“அடுத்த சித்திரைக்கு ஆடலாமில்ல?” என்றான் வெட்கங்கெட்டவன்.

தற்காலிகக் கட்டோடு ஜீப்பில் திரும்பும்போது மெல்ல ஆரம்பித்தான். “இதையெல்லாம் வீட்டுல சொல்லிக்கிட்டு… நீ பேசாம காலைத் தொட்டுடு, நான் மன்னிச்சிடறேன். முடிஞ்சுது கதை.”

“எந்தக் காலை? கட்டுப் போட்டதையா, நல்லதையா?” என்று கேட்டாள் தேச்சம்மா.

ஞாயிற்றுக்கிழமை குலவீட்டில் விளக்கு எரிந்தது. கரும்பய்யா இரண்டு ஊன்றுகட்டைகளில் தொங்கிக்கொண்டு நின்றான்.

“ம், தொடு” என்றாள் நீலவ்வா.

“தொடறேன் அத்தை. அடி எங்க விழுந்ததுன்னு அவர் முதல்ல எல்லாருக்கும் காட்டட்டும். ஊசி எங்க போட்டாருன்னும் காட்டட்டும்.”

“எந்த ஊசி?” என்றார் குலத்துக்கு மூத்த பெரியப்பா.

கரும்பய்யா ஊன்றுகட்டையிடம் ரகசியம் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னான். “எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்றாள் பொள்ளவ்வா, கொஞ்சமும் கூசாமல்.

“அப்போ அவகிட்ட மன்னிப்புக் கேளுடா” என்றார் பெரியப்பா.

“என்னால குனிய முடியாதே பெரியப்பா.”

“கட்டு கால்லதானே போட்டிருக்கு, வாய்ல இல்லையே?”

கரும்பய்யாவின் உதடு அசைந்தது.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல” என்றாள் தேச்சம்மா.