வீட்டில் இல்லாத பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்

சுருட்டை, வயது இருபத்திமூன்று, பிழைக்க வந்த ஊரில் மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தான். தலைமுடியைப் பார்த்து அக்கா வைத்த பெயர். ஆறு மாத ஒப்பந்தத்தில் கணக்கெடுப்பு வேலை. வீடு வீடாகப் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, கூட்டல் கழித்தல் கேட்டு, நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று கல்வி அலுவலகம் அதை வைத்துத்தான் முடிவுகட்டும். ஒப்பந்தம் நீண்டால் தங்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

"ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ஆளை மாத்திடுவேன்" என்று மேற்பார்வையாளர் அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பிள்ளை வீட்டில் இல்லையென்றால் 'நிலவரம்' என்ற கட்டத்தில் 99 என்று குறிக்க வேண்டும். மதிப்பெண் கட்டத்தில் ஒரு கோடு போதும். பயந்த கண்ணுக்குக் கோடும் காலியாகத்தான் தெரிந்தது. சுருட்டை இரண்டு கட்டத்திலும் 99 போட்டுத் தள்ளினான்.

மைதானத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்துக்கு இருபது பிள்ளைகள் கணக்கு. அவன் போன நேரம் பதினாலு பேர் பந்தாடப் போயிருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த ஆறு பேர் மட்டும் போர்வைக்குள்ளிருந்து முனகி, சராசரி முப்பத்தொன்று வாங்கினார்கள்.

முடிவு வந்தது. மைதானப் பள்ளிக்கூடம் முதலிடம். பாராட்டு விழா வேறு. சுருட்டைக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஊரிலிருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, வீட்டுல இல்லாத பசங்களுக்கெல்லாம் தொண்ணூத்தொம்பது போட்டுட்டேன்."

"அடப்பாவி! நீ படிக்கிறப்ப இப்படி ஒருத்தன் வந்திருந்தா அப்பாகிட்ட நீ அடியே வாங்கியிருக்க மாட்டியே!"

"சிரிக்காதக்கா. சொன்னா வேலை போயிடும்."

"சொல்லாம இருந்துடுவியா?"

"இருந்துடுவேன்" என்றான்.

விழாவுக்கு எல்லாப் பள்ளித் தலைமை ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். சுருட்டை கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தான். கல்வி அதிகாரி ஒரு பொடியனை மேடைக்கு அழைத்தார்.

"தொண்ணூத்தொம்பது எப்படிப்பா வாங்கின?"

"நான் பரீட்சையே எழுதலையே சார்."

"பாருங்க, என்ன தன்னடக்கம்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

மைதானப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் மாலை கழுத்தில் விழுந்துவிட்டதே! தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க பசங்களை விளையாட விட்டுடறோம், அவ்வளவுதான் ரகசியம்" என்றார். அத்தனை பேரும் குறித்துக்கொண்டார்கள்.

ஐம்பத்திரண்டு வாங்கிக் கடைசி இடத்துக்குப் போயிருந்த பள்ளியின் டீச்சரம்மா எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"எங்க பிள்ளைங்க எல்லாம் சாயங்காலம் வீட்டுல உக்காந்து படிக்குதுங்க சார். தப்புதான். இனிமே அடிச்சாவது வெளிய துரத்திடறேன். பந்து எத்தனை வாங்கணும்?"

சுருட்டைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவனை அறியாமலேயே எழுந்து நின்றுவிட்டான்.

"பந்து வாங்காதீங்க டீச்சர்! தப்பு என்னுது. அந்தப் பசங்க வீட்டுலயே இல்ல!"

விஷயத்தை மூன்று தடவை சொன்ன பிறகுதான் அதிகாரிக்கு விளங்கியது. மைதானப் பள்ளித் தலைமை ஆசிரியர் மாலையை மெல்லக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மேற்பார்வையாளர் அம்மாள் சுருட்டையின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

"பெட்டி கட்டட்டுமா மேடம்?"

"எங்க ஓடப் பாக்குற? பாக்காத பதினாலு பேரை யாரு பாக்கறது, உங்க அக்காவா? ஒரு மாசம் நீட்டிக்கிறேன். எல்லாத்தையும் புடிச்சு உக்கார வச்சுக் கேக்குற. அப்புறம் சொல்றேன் உன் கதியை."

மறுநாள் சாயங்காலம் பதினாலு வீட்டுக் கதவையும் தட்டினான். பதினாலு பேரும் மைதானத்தில் இருந்தார்கள். சுருட்டை மைதானத்து ஓரமாக உட்கார்ந்து, மதிப்பெண் கட்டங்களில் அழுத்தமாகக் கோடு போட்டு, தாளின் அடியில் எழுதினான்: "பிள்ளைகள் இன்றும் வீட்டில் இல்லை. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து கோட்டை எதனோடும் கூட்ட வேண்டாம்."