அலுமினியத்துக்குப் பயப்படாத பேய்

கல்லடியில் இரசாயனவியல் படிப்பிக்கும் உதயரூபன் மாஸ்டருக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. மனைவி யசோதினிக்கு மாஸ்டரின் இரசாயனவியலில் நம்பிக்கை இல்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் வீட்டில் இந்த வழக்குத்தான்.

அன்று பின்னேரம், செட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் கம்சாயினிக்கு இறால் பொரியல் போக வேண்டியிருந்தது. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். பொரித்த வாசத்துக்குப் பேய் பின்னால் வருமே! யசோதினி டப்பாவோடு ஒரு கரித்துண்டையும் இரும்பாணியையும் வைத்துத் துணியால் கட்டினாள்.

“நூத்துப் பதினெட்டு மூலகம் இருக்கு. பேய் காபனுக்கும் இரும்புக்கும் மட்டும்தான் பயப்பிடுமோ?”

“வாய வெச்சிக்கிட்டுச் சும்மா போங்க.”

தெருமுனையிலேயே மாஸ்டர் கரியை எறிந்தார். ஆணியை உருவிவிட்டு, யன்னல் பொருத்தியபோது மிஞ்சி, சேட்டுப் பையில் எடுத்துவந்திருந்த அலுமினியத் துண்டொன்றைச் செருகினார். துருப்பிடிக்காது, காந்தம் இழுக்காது, பாரமும் இல்லை. ஒன்றும் நடக்காமல் போய்ச் சேர்ந்து, சம்பந்தி வீட்டார் முன்னால் அதை எடுத்துக் காட்டினால் வழக்கு முடிந்தது.

குருக்கள்மடம் தாண்டி, மயானத்தடியில் மோட்டர் சைக்கிளின் செயின் அறுந்தது. பொழுதும் பட்டுவிட்டது. தள்ளிக்கொண்டு நடந்தார். பின்னால் பற்றைக்குள் சரசரப்பு. இவர் நின்றால் அதுவும் நின்றது; நடந்தால் அதுவும் நடந்தது.

நாய்தான். நாய் என்று மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மூளை தன்பாட்டில் பாடம் எடுக்கத் தொடங்கியது. பேய் இரும்பின் எந்தக் குணத்துக்குப் பயப்படுகிறது? துருவுக்கா, காந்தத்துக்கா? அலுமினியத்திடம் இரண்டும் இல்லையே! செயின் உருக்கு. உருக்கென்றால் இரும்பும் காபனும். மனுசன் அறுந்த செயினை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி ஓட்டமெடுத்தார்.

“என்னப்பா, சேட்டெல்லாம் கிறீஸ்?” என்றாள் கம்சாயினி.

“செயின் அறுந்திட்டு.”

மகள் பொதியை அவிழ்த்தாள். துணியின் நுனி முடிச்சிலிருந்து ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் விழுந்தன. சம்பந்தி வீட்டார் எட்டிப் பார்த்தனர்.

“அம்மா இப்பதான் கோல் எடுத்தவ. நீங்க ஆணிய மாத்துவீங்கெண்டு தெரிஞ்சுதான் முடிச்சுக்குள்ள வேற வெச்சவவாம். பாத்தீங்களாப்பா, ஒண்டும் பின்னால வரல்லத்தானே?”

மாஸ்டருக்கு வாய் துறுதுறுத்தது. ஆணி கூடவே இருந்தும் பின்னால் வந்தது. ஆணி பொய் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் சாட்சி சொல்வதென்றால் ஓடியதையும் சொல்ல வேண்டும்.

“ஒண்டும் வரல்ல மகள்,” என்றார். “நல்ல ஆணி.”