மோசஸ் எந்தச் சண்டையில் செத்தான்

"மாமா, நீங்கதான் கொடி காட்டணும். மறுபேச்சு வேண்டாமுங்க" என்று நெல்சன் வந்து நின்றபோது, சகாயம் கட்டைக்காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நெல்சன், சகாயத்தின் மனைவி யூனிஸுக்குத் தம்பி மகன். குன்னூரில் புல்லட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஞாயிறானால் அவனைச் சுற்றி வண்டிக்காரக் கூட்டம். பழைய பட்டாளத்துக்காரர்களைக் கௌரவிக்க, குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு வண்டி ஊர்வலம் என்று கிளம்பியிருந்தான். வழியில் கட்டபெட்டு முக்கில் நிறுத்தி, சகாயத்துக்குச் சால்வை.

"எத்தனை வண்டிடா?" என்றாள் யூனிஸ்.

"அறுபதுக்குக் கொறையாதுங்க அத்தை. அதுல பாதிக்குச் சைலன்சரே கெடையாது. மலையே அதிரும் பாருங்க."

"மலை கெடக்கட்டும். எங்க ஊட்டு ஓடு தாங்குமான்னு சொல்லு."

சகாயம் சிரிக்கவில்லை. "வர்றேன். ஆனா ஒண்ணு. என் பேரைச் சொல்ற மைக்குல மோசஸ் பேரையும் சொல்லணும். யாழ்ப்பாணத்துல செத்தான்னு சொல்லணும். அவங்கம்மா காதால கேக்கணும்."

"அவ்வளவுதானுங்களா? சொல்லிட்டாப் போச்சு."

அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவை முப்பது வருடமாக யாரும் சொல்லவில்லை.

மோசஸ் தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிலோன் தோட்டத்தை விட்டு, தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பிள்ளை. வளர்ந்து, சகாயத்தோடு வெலிங்டனில் பட்டாளத்தில் சேர்ந்தான். எண்பத்தேழில் இருவரையும் அமைதிப்படையோடு அதே கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். சகாயம் ஒரு காலை அங்கே விட்டுவிட்டு வந்தார். மோசஸ் வரவே இல்லை. அவன் உடுப்புகள் மட்டும் ஒரு கறுப்புத் தகரப்பெட்டியில் மடித்து வந்தன.

எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாருமே கப்பலில் வந்த சனம். எல்லாருக்கும் அக்கரையில் ஓர் அண்ணனோ அக்காளோ இருந்தார்கள். "நம்ம சனத்துக்கு எதிரா துவக்குத் தூக்கினவனுக்கு அழுகை என்ன வேண்டிக்கிடக்கு?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். துக்கம் கேட்க யூனிஸைத் தவிர ஒருவரும் அந்த வாசல்படி ஏறவில்லை. மோசஸின் தாய் மெட்டில்டா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போய்விட்டாள்.

இப்போது ஊர்வலச் சேதியை அவளிடம் போய்ச் சொன்னதும் யூனிஸ்தான்.

"மெட்டில்டாக்கா, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் முக்குக்கு வாங்க. மோசஸ் பேரை மைக்குல சொல்றாங்க."

"என்னத்துக்கு இப்ப?"

"இப்பவாச்சும் சொல்லட்டுமேக்கா."

"மெய்யாத்தானா புள்ளை? கெழவியைக் கொண்டுபோய் நடுத்தெருவுல வெச்சுச் சிரிக்க இல்லையே?"

"என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்கா" என்றாள் யூனிஸ். அடித்தும் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முக்கில் மஞ்சு இறங்கியிருந்தது. மெட்டில்டா துவைத்த வெள்ளைச் சேலையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். குன்னூர்ப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது, பிறகு விளக்குகள், பிறகு வண்டிகள். கடைசியில் ஜீப்பில் நெல்சனின் மனைவி பியாட்ரிஸ், சால்வைகளோடு. ஜீப்பின் பக்கவாட்டில் கட்டியிருந்த துணியை யூனிஸ் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'கார்கில் நாயகர்களுக்கு வீரவணக்கம்.'

நெல்சனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இது என்னடா?"

"அத்தை, சத்தம் போடாதீங்க. பனியன் அடிச்சுக் குடுத்த ரிசார்ட்காரரு கார்கில்னாத்தான் காசுன்னுட்டாரு. சிலோன்னு போட்டா பாதிப் பேரு வண்டியைத் திருப்புவான், மீதிப் பேரு என்னைப் போட்டுப் பொரட்டுவான்."

"உம் மாமனுக்குக் கால் போனப்ப நீ பால்வாடியில மூக்கு ஒழுகிட்டு இருந்த. கார்கில் சண்டை நடந்தப்ப அவரு எஸ்டேட் கேட்டுல வாட்ச்மேன்."

"வருசமெல்லாம் யாருங்க அத்தை ஞாபகம் வெச்சிருக்காங்க?"

"அந்தா, சேர்ல உக்காந்திருக்கா பாரு. அவ வெச்சிருக்கா."

நெல்சன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மைக்கை எடுத்தான். "கார்கில் போரில் காலை இழந்த மாவீரர் சகாயம்! கார்கில் போரில் உயிர்நீத்த மாவீரர் மோசஸ்!"

விசில் பறந்தது. பியாட்ரிஸ் ஒரு சால்வையைச் சகாயத்துக்கும் இன்னொன்றை மெட்டில்டாவுக்கும் போர்த்தினாள். படம் எடுத்தார்கள். மெட்டில்டா யூனிஸின் கையைப் பிடித்தாள்.

"புள்ளை, இது வேற மோசஸ் போல. நம்ம புள்ளை போய் எத்தனையோ வருசத்துக்குப் பொறவுதானே அந்தச் சண்டை? அந்தத் தாயைத் தேடிக் கூப்பிட்டு இதைப் போத்தச் சொல்லு. பாவம், எங்கயாச்சும் நின்னுக்கிட்டிருப்பா."



சகாயம் தோளிலிருந்த சால்வையை உருவிச் சேற்றில் போட்டார். கையிலிருந்த ஊர்வலக் கொடியையும் போட்டார். கட்டைக்காலை இழுத்துக்கொண்டு மைக்கை நோக்கி நடந்தார். "நிறுத்துடா! மோசஸ் செத்தது யாழ்ப்பாணத்துல. எம் மடியில..."

நெல்சன் கையை உயர்த்தி ஆட்டினான். வண்டிகள் உறுமின.

அதற்குப் பிறகு அவர் வாய் திறந்து மூடுவதுதான் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், அவர் கோஷம் போடுகிறார் என்று நினைத்து, தானும் முஷ்டியை உயர்த்தி "ஜெய்ஹிந்த்" என்று கத்திக்கொண்டே கடந்து போனான். பின்னால் வந்தவர்களும் முஷ்டியை உயர்த்தினார்கள். நெல்சன் தலைகுனிந்தபடி போனான்.

புகை மஞ்சோடு கலந்து ரோட்டிலேயே நின்றது.

"தம்பி, என்ன சொன்ன? இரைச்சல்ல கேக்கல்லை" என்றாள் மெட்டில்டா.

சகாயத்துக்குக் குரல் கட்டிவிட்டிருந்தது. யூனிஸ்தான் சொன்னாள். "மோசஸ் பேரைத்தான்கா சொன்னாரு."

"எந்த ஊருன்னு சொன்னானா?"

"சொன்னாரு."

"யாருக்காச்சும் கேட்டுச்சா?"

யூனிஸ் ரோட்டைப் பார்த்தாள். "இல்லைக்கா."

பியாட்ரிஸ் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து தயங்கினாள். "அத்தை... சால்வை வேணுமுங்க. கோத்தகிரியில ரெண்டு பேரு காத்திருக்காங்க. இருக்கறதே இது ரெண்டுதான்."

மெட்டில்டா கோபப்படவில்லை. சால்வையை மடியில் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, உள்ளங்கையால் நீவினாள். "அவன் உடுப்பையும் இப்பிடித்தான் அனுப்பினாங்க. கசங்காமத்தான் இருந்துச்சு" என்று நீட்டினாள்.

பியாட்ரிஸ் மற்றதைச் சேற்றிலிருந்து தூக்கி உதறினாள். "அய்யோ, கறையாயிருச்சே. போட்டோவுல தெரியுமே அத்தை."

"உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போத்து" என்றாள் யூனிஸ். "திருப்பிப் போடறது உம் புருசனுக்கு நல்லா வரும்."